எட்டாம் எண்ணின் காரணச் சீட்டு

அந்த அறைக்குள் போவது சுலபமாகத்தான் இருந்தது. வெளியே வருவதற்குத்தான் அட்டை வேண்டும். அட்டை ஒருங்கிணைப்பாளர் அம்மாவின் கழுத்தில் நீல நாடாவில் தொங்கியது. யாராவது கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் விரலைத் தூக்க வேண்டும். அந்தம்மா நாற்காலியைத் தள்ளி எழுந்து, கதவுக்கு வந்து, அட்டையைக் காட்டி, "சீக்கிரம் வந்துடுங்க" என்று அனுப்பி வைப்பார். ஐம்பது வயதைத் தாண்டிய மூன்று பேர் இதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டிருந்தார்கள் என்றால் நம்ப வேண்டும்.

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளம் அது. ஜன்னல் கிடையாது. நடுவில் ஒரு நீள மேசை, சுவரில் படம் காட்ட வெள்ளைத் திரை, மூலையில் ஒரு காப்பி இயந்திரம். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது ஒரே பழுப்புத் தண்ணீரைத்தான் கொடுத்தது. மூவருடைய போன்களும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அந்தம்மாவின் காலடியில் கிடந்தன.

கூட்டுக் காட்சி என்று திட்டத்துக்குப் பெயர். மூன்று ஓவியர்கள், மூன்று விமர்சகர்கள். ஓவியருக்கு ஒரு விமர்சகர் என்று ஜோடி சேர்த்து ஆறு மாதம் ஒரே கட்டடத்தில் தங்க வைப்பார்கள். கடைசியில் ஒவ்வொரு ஜோடியும் தாங்களே படங்களைப் பொறுக்கி, மாட்டி, எழுதி ஒரு கண்காட்சி நடத்திக் காட்ட வேண்டும். வரைகிறவர்களையும் குறை சொல்கிறவர்களையும் ஒரே வீட்டில் அடைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க யாருக்கோ ஆசை.

"ஆறு மாசத்துல ஒண்ணு கண்காட்சி வரும், இல்லன்னா கல்யாணம் வரும், இல்லன்னா போலீஸ் வரும்" என்றார் சிற்பி. தேர்வுக்குழுவில் அவர் ஒருவர். ஆள் வாட்டசாட்டம், பொறுமை மட்டும் கிடையாது. இன்னொருவர் கலை வரலாற்றுப் பேராசிரியர், ஓய்வு பெற்றவர். எதைச் சொல்வதற்கும் முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். மூன்றாவது ஆள் ஊசி.

ஊசி என்பது பட்டப்பெயர். இருபது வருடமாகப் பத்திரிகையில் ஓவியக் கண்காட்சிகளைப் பற்றி எழுதுகிறவள். 'குத்தினா ரத்தமே வராது, ஆனா ரெண்டு நாள் வலிக்கும்' என்று அடிபட்ட ஓவியர் ஒருவர் எங்கேயோ சொல்லப் போய், அதுவே அவளுக்கு நிலைத்துவிட்டது. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். ஒரு கையைப் பார்த்துவிட்டால் ஆயுளுக்கும் மறக்காது என்பது அவளுடைய இன்னொரு பெருமை. பெயரை மறைத்துவிட்டு எந்தப் படத்தைக் காட்டினாலும் இன்னார் கை என்று சொல்லிவிடுவாள்.

இங்கேயும் பெயரை மறைத்துத்தான் காட்டினார்கள். விண்ணப்பங்களுக்கு எண் மட்டும்தான் உண்டு. ஒருங்கிணைப்பாளர் அம்மா விதிகளை நின்றுகொண்டே வாசித்தார்.

"மூணு பேரும் சரின்னு சொன்னாத்தான் ஒருத்தர் உள்ள வரலாம். இது நமக்குத் தெரிஞ்சவங்களா இருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே அந்த நிமிஷமே சொல்லிடணும். அப்ப ஒரு ஓட்டு குறையும், அதனால அந்தக் கோப்பை மூடிடுவோம். சொல்லாம மறைச்சது பின்னால தெரிஞ்சா மொத்தத் தேர்வும் ரத்து. அப்புறம் காரணச் சீட்டு."

காரணச் சீட்டு இந்தத் திட்டத்தின் செல்லப் பிள்ளை. வேண்டாம் என்று ஒதுக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும், முதலில் வேண்டாம் என்று சொன்னவர் தன் கைப்பட ஒரே வரியில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடியில் நகல் தாள் இருக்கும். முடிவு வெளியாகும் நாளில் அந்தச் சீட்டு அப்படியே படமெடுத்து விண்ணப்பித்தவருக்குப் போகும். முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாததை யாரும் எழுதக் கூடாது என்பது நோக்கம். ஊசிக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. காலையிலிருந்தே அவள்தான் அதிகச் சீட்டு எழுதினாள். மூன்றாம் எண், ஓடுகிற மின்விசிறியை நாற்பது நிமிடம் படம் பிடித்து அனுப்பியிருந்தது. 'விசிறியை நிறுத்தியிருக்கலாம்' என்று எழுதினாள். ஐந்தாம் எண்ணுக்கு, 'நிறம் தெரிந்தவர், நிறுத்தத் தெரியாதவர்.' எட்டாம் எண், ஒளி ஊடுருவும் தாளில் பென்சிலால் புள்ளி புள்ளியாக வரைந்த சின்னப் படங்கள். மின்சாரப் பொத்தான்கள், தாழ்ப்பாள்கள், குழாய்த் திருகுகள், எல்லாம் அசல் அளவில். நிறமே இல்லை. சிற்பி இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றார். ஊசி தலையை ஆட்டிவிட்டு எழுதினாள்: 'பார்வை இருக்கிறது. துணிச்சல் இல்லை.' எழுதி முடித்ததும் தானே ஒருமுறை வாசித்துப் பார்த்துக்கொண்டாள். வரி நன்றாக விழுந்திருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு இருபத்துமூன்றாம் எண் திரைக்கு வந்தது.

வெள்ளை. வெள்ளையின் மேல் வெள்ளை. சுவர் மாதிரி தடிமனாகப் பூசிய சாயம், அது காய்வதற்குள் எதையோ வைத்து இழுத்த வரிகள். கீழே இடது மூலை பூசாமல் விடப்பட்டிருந்தது. ஊசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்த வரியைக் கொஞ்சம் பெருசாக்குங்க" என்றாள். ஒருங்கிணைப்பாளர் அம்மா பெரிதாக்கினார். ஆறு கோடு, ஒரு இடைவெளி, பிறகு பதினோரு கோடு. மறுபடியும் ஆறு, இடைவெளி, பதினொன்று.

அது சீப்பு. அவர்கள் வீட்டுச் சீப்பு. அம்மா உயிரோடு இருந்தபோது தலை வாரிய மரச்சீப்பு, ஆறு பல்லுக்கு அப்புறம் இரண்டு பல் உடைந்தது. அம்மா போன பிறகு தங்கை அதை எடுத்துக்கொண்டாள், அதை வைத்துச் சாயத்தை இழுக்க ஆரம்பித்தாள். உலகத்தில் அந்த வரிசையில் கோடு போடுகிற சீப்பு இன்னொன்று இருக்க முடியாது.

அக்கா தங்கை இருவரும் பேசாமல் இருந்தவர்கள் அல்ல. வாரத்துக்கு இரண்டு தடவை பேசுவார்கள். அப்பாவின் கண் சொட்டு மருந்து, தங்கை வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்புக்கு வாரம் ஒரு மணி நேரம்கூட ஒதுக்காதது, யாருக்கு எங்கே கல்யாணம், எல்லாம் பேசுவார்கள். படத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. ஆறு வருடமாகப் பேசவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் தங்கையின் முதல் தனிக் கண்காட்சி நடந்தது. ஊசி விலகியிருக்கலாம். 'என் தங்கச்சி, வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்திரிகையில் வேறு ஆளை அனுப்பியிருப்பார்கள். ஆனால் தங்கை என்றதும் பேனா வளைந்துவிட்டது என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களே என்ற பயம். வளையவில்லை என்று காட்டுவதற்காக, வேற்று ஆளுக்கு எழுதியிருக்கக் கூடியதைவிட நாலு மடங்கு கூர்மையாக எழுதினாள். 'பூச்சு அதிகம், பார்வை குறைவு' என்று முடித்தாள். அந்த வரி ஊரெல்லாம் சுற்றியது. தங்கையின் படம் ஒன்றுகூடச் சுவரை விட்டு இறங்கி யார் வீட்டுக்கும் போகவில்லை. அதற்கப்புறம் அவள் கண்காட்சியே வைக்கவில்லை.

இப்போது விண்ணப்பித்திருக்கிறாள். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா குழுவில் இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்காது, குழுவினர் பெயரை முடிவு வரை வெளியிடுவதில்லை. ஓவியருக்கு வயது வரம்பு நாற்பத்தைந்து. தங்கைக்கு இன்னும் மூன்று மாதத்தில் நாற்பத்தைந்து முடிகிறது. இந்த முறை விட்டால் அவ்வளவுதான்.

சொன்னால், கோப்பை மூடிவிடுவார்கள். சொல்லாமல் வேண்டாம் என்றால், தங்கையை இரண்டாவது தடவையும் தன் கையாலேயே குத்தியதாகும். சொல்லாமல் வேண்டும் என்றால், மாட்டிக்கொண்டால் மொத்தத்துக்கும் வேட்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். யோசிக்க நேரமும் இல்லை, சிற்பி அதற்குள் வாயைத் திறந்துவிட்டார்.

"சுவத்துக்கு வெள்ளை அடிச்ச மாதிரி இருக்கு. அடுத்தது போடுங்க."

"இருங்க" என்றாள் ஊசி.

அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. பேராசிரியர் கண்ணாடி துடைப்பதை நிறுத்தினார்.

"வெள்ளை அடிக்கறவன் சுவத்தை மறைக்கத்தான் அடிப்பான். இது மறைக்கலை சார். பூசிட்டு, அதைக் காய விடாம திரும்பத் திறக்குது. ஒரு வீட்டுல ஒருத்தர் போனப்புறம் அந்தச் சுவர் எப்படி இருக்கும்? யாரும் கை வெச்சிருக்க மாட்டாங்க, ஆனா எல்லா இடத்துலயும் கை பட்ட மாதிரியே இருக்கும். அந்தக் காலி மூலையைப் பாருங்க. அங்க நிறுத்தணும்னு தோணிச்சே, அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்!"

பேசப் பேச அவளுக்கு நாக்கு தடையில்லாமல் ஓடியது. பத்து நிமிடம் பேசினாள். பொய்யாக ஒரு சொல்லும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தக் கண்காட்சி அறையில் நின்றபோது மனதில் தோன்றி, எழுதாமல் மென்று விழுங்கியதெல்லாம் இப்போது வரிசையாக வெளியே வந்தது. சிற்பி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். "மேடம் சொன்னப்புறம்தான் தெரியுது. நான் சுவத்தையே பார்த்துட்டு இருந்திருக்கேன்" என்றார். பேராசிரியர், ஊசி ஒரு ஓவியரை இவ்வளவு புகழ்ந்து தான் கேட்டதே இல்லை என்றார். மூன்று கை உயர்ந்தன.

ஊசி விரலைத் தூக்கினாள். அந்தம்மா அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று அவள் ஒத்திகை பார்த்தாள். பெயர்களைத் திறக்கும்போது புருவத்தை உயர்த்த வேண்டும். 'ஐயோ, இது என் தங்கச்சி! எனக்குத் தெரியவே தெரியாதே!' முதல் தடவை வாய் ரொம்பத் திறந்துவிட்டது. இரண்டாவது தடவை கண் சேரவில்லை. மூன்றாவது தடவை பரவாயில்லை. இருபது வருடமாக ஊரார் நடிப்பையெல்லாம் கண்டுபிடித்துக் குத்திக்கொண்டிருந்தவள், ஐம்பத்திரண்டு வயதில் கழிப்பறையில் நடிப்பு பழகினாள். வெட்கமாக இருந்தது. அதற்காகப் பழகுவதை நிறுத்தவும் இல்லை.

மறுநாள் விமர்சகர்கள் முறை. ஓவியர்களாவது படம் அனுப்பியிருந்தார்கள், இவர்கள் பக்கம் பக்கமாகக் கட்டுரை அனுப்பியிருந்தார்கள். மத்தியானத்துக்குள் இரண்டு பேரைத் தேர்ந்தார்கள். மூன்றாவதாக வந்த கோப்பைப் பேராசிரியரே சத்தமாக வாசித்தார். ஒரு நல்ல விமர்சனம் எப்படி இருக்க வேண்டும் என்பது கட்டுரையின் பொருள். எடுத்துக்காட்டாக ஒரே ஒரு பழைய விமர்சனத்தை எடுத்து, வரி வரியாக வியந்திருந்தார் எழுதியவர்.

"'பூச்சு அதிகம், பார்வை குறைவு. நான்கே சொற்களில் ஓர் ஓவியரின் மொத்தக் கதையும் முடிந்துவிடுகிறது.' எவ்வளவு அழகாச் சொல்லியிருக்காங்க!" என்றார் பேராசிரியர்.

"அட, அது நம்ம மேடம் எழுதினதாச்சே!" என்று சிற்பி மேசையைத் தட்டினார். "மேடம், உங்களுக்கு ரசிகர் மன்றம் ஆரம்பிச்சுட்டாங்க!"

ஊசி சிரித்து வைத்தாள். மற்ற இருவருக்கும் கட்டுரை பிடித்துவிட்டது, அவளும் கையைத் தூக்க வேண்டியதாயிற்று. தூக்காவிட்டால் காரணச் சீட்டில் என்ன எழுதுவது?

அதற்கு மேல்தான் ஜோடி சேர்த்தல். பேராசிரியர் ஓவியர் எண்களை ஒரு பக்கமும் விமர்சகர் எண்களை மறுபக்கமும் எழுதி வைத்துக்கொண்டு, ஜாதகம் பார்க்கிறவர் மாதிரி விரலை நகர்த்தினார். இருபத்துமூன்றுக்கு நேராக அந்த ரசிகரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஒருத்தர் பூசறாங்க. இன்னொருத்தர் பூச்சைப் பத்தியே யோசிக்கறாங்க. இதைவிடப் பொருத்தம் கிடைக்குமா?"

"வேண்டாம்" என்றாள் ஊசி.

"ஏன்?"

ஏன் என்று சொல்ல முடியாது. அந்த நான்கு சொல் யாரைப் பற்றி எழுதியதோ, அவளையே அதைப் பூஜிக்கிற ஆளோடு ஆறு மாதம் ஒரே வீட்டில் அடைக்கப் பார்க்கிறீர்கள் என்று எப்படிச் சொல்வாள்? "ரெண்டு பேரும் ஒரே மாதிரி... சண்டை வராது" என்று என்னவோ உளறினாள்.

"சண்டை வராதுன்னா நல்லதுதானே மேடம்?" என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மா. சிற்பி அவள் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று தெரிந்தது. ஊசி வாயை மூடிக்கொண்டாள். ஜோடி முடிவாயிற்று. அடைபட்டது தான் மட்டும் என்று நினைத்திருந்தாள், இப்போது தங்கையையும் சேர்த்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியாகிவிட்டது. இடமாவது கிடைக்கிறதே, இடம் கிடைத்தால் மற்றதை அவள் சமாளித்துக்கொள்வாள் என்று மனதைத் தேற்றினாள்.

நாலு மணிக்கு அந்தம்மா உறையைப் பிரித்துத் தேர்வானவர்களின் பெயர்களை வாசித்தார். ஊசி புருவத்தைத் தயாராக வைத்திருந்தாள்.

"இருபத்துமூணு" என்று சொல்லி ஒரு பெயரை வாசித்தார்.

யாரோ ஒரு பெண்ணின் பெயர். வயது இருபத்தாறு. ஊசி கேள்விப்பட்டதே இல்லை.

"யாருங்க?" என்றாள். அந்தம்மா மறுபடி வாசித்தார். அதே பெயர். ஊசிக்குச் சட்டென்று உடம்பு லேசாயிற்று. அப்படியானால் தங்கை விண்ணப்பிக்கவே இல்லை. தான்தான் ஏதோ ஒரு சீப்பைப் பார்த்து இல்லாததையெல்லாம் கற்பனை செய்துகொண்டு இரண்டு நாள் வெந்திருக்கிறாள். சிரிப்புக்கூட வந்தது. "மத்த பட்டியலையும் ஒரு தடவை பார்க்கலாமா?" என்று சும்மா கேட்டாள். சரிபார்க்க எப்படியும் வாசிக்க வேண்டியதுதான் என்று சொல்லி அந்தம்மா தாளை மேசையில் வைத்தார்.

எட்டாம் எண்ணுக்கு எதிரே தங்கையின் பெயர் இருந்தது.

கண்ணாடி முன்னால் எத்தனை தடவை பழகியும் வராத முகம் இப்போது தானாகவே வந்திருக்க வேண்டும். சிற்பி, "என்ன மேடம், என்ன ஆச்சு?" என்று எழுந்துவிட்டார்.

"எட்டாம் நம்பரைத் திரும்ப ஒரு தடவை பார்க்கலாமா?"

"பேர் திறந்தாச்சு மேடம். திறந்தப்புறம் எந்தக் கோப்பையும் தொட முடியாது. ஏன், தெரிஞ்சவங்களா?"

"என் தங்கச்சி."

பேராசிரியர் எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"கூடப் பிறந்தவளுக்கே சீட்டு எழுதியிருக்கீங்க! நாற்பது வருஷமா எத்தனையோ குழுவுல இருந்திருக்கேன். இந்த மாதிரி நான் பார்த்ததில்லை."

"தெரியாமத்தானே எழுதினேன்..."

"அதைத்தான் சொல்றேன்! தெரியாம இருக்கறதுதானே நேர்மை."

"இதை ஆண்டறிக்கையில போட்டுக்கலாமா மேடம்? பேர் போட மாட்டோம். இந்த முறை எவ்வளவு சுத்தமா வேலை செய்யுதுன்னு சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது" என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மா.

இல்லை, நான் திருட நினைத்தேன், தப்பான வீட்டில் புகுந்துவிட்டேன், அவ்வளவுதான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் மொத்தத் தேர்வும் ரத்து. ஒரு பாவமும் அறியாத அந்த இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கும் மற்ற ஐந்து பேருக்கும் கிடைத்தது கையை விட்டுப் போகும். தங்கைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கடைசிப் படிவத்தை அவள் முன்னால் வைத்தார்கள். 'தெரிந்தே எந்த உறவினருக்கும் வாக்களிக்கவில்லை.' எழுத்துக்கு எழுத்து உண்மை. கையெழுத்துப் போட்டாள். அட்டை கதவில் பட்டு, கதவு திறந்தது.

"சீட்டெல்லாம் எப்ப அனுப்புவீங்க?" என்று வாசலில் கேட்டாள்.

"நீங்க கையெழுத்துப் போட்டதுமே அனுப்பிட்டேன் மேடம்."

அருங்காட்சியகத்தின் வெளிப்படியில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். அலுவலகம் விட்டுப் போகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முதல் மணியிலேயே தங்கை எடுத்துவிட்டாள்.

"வந்துடுச்சா?" என்றாள் ஊசி.

"வந்துடுச்சு. முதல்ல கையெழுத்தைத்தான் பார்த்தேன். உன் எழுத்து எனக்குத் தெரியாதா, சின்ன வயசுல என் வீட்டுப் பாடமெல்லாம் நீதானே எழுதிக் குடுப்பே." தங்கையின் குரலில் அழுகை இல்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் அக்கா. அது என்னுதுன்னு தெரிஞ்சு எழுதினியா, தெரியாம எழுதினியா? வந்ததுலேர்ந்து இதேதான் யோசிச்சிட்டு உக்காந்திருக்கேன். எதுவா இருந்தா எனக்கு நல்லதுன்னே புரியலை."

"தெரியாது. சத்தியமா தெரியாது."

"என் கையை உனக்கு அடையாளம் தெரியலை."

"நீ இப்படி வரைவேன்னு நான் நினைக்கவே இல்லை. நீ பூசறவ..."

"பூச்சு அதிகம்னு எழுதினே. விட்டுட்டேன். பார்வை குறைவுன்னு எழுதினே. ஆறு வருஷமா பார்க்கறதை மட்டும்தான் செஞ்சேன். தாழ்ப்பாளைக்கூட விடாம பார்த்தேன். பார்வை வந்துடுச்சுன்னு நீயே எழுதியிருக்கே பாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "பழைய சாமானெல்லாம் என்கிட்டப் படிச்ச ஒரு பொண்ணுகிட்டக் குடுத்துட்டேன். அம்மா சீப்பு உட்பட. அவளுக்கு அது நல்லா வந்துச்சு. அவளும் விண்ணப்பம் போட்டிருந்தா, நான்தான் போடச் சொன்னேன். இப்பதான் போன் பண்ணினா. கிடைச்சிருச்சாம். சந்தோஷத்துல அவளுக்குப் பேச்சே வரலை."

ஊசிக்குப் பேச்சு வந்தது. நிறுத்த முடியவில்லை. "அதை உன்னுதுன்னு நினைச்சேன். சீப்பைப் பார்த்தேன். விதியை மீறி, வாயை மூடிக்கிட்டு, உனக்குன்னு நினைச்சுதான் அவ்வளவு பேசினேன். அவங்க வேண்டாம்னு சொன்னதை நான்தான் இழுத்துப் பிடிச்சு உள்ள கொண்டுவந்தேன்."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"இதை ஏன் என்கிட்டச் சொன்னே?" என்றாள் தங்கை. "இனிமே இதை நான் வெளியில சொன்னா அந்தப் பொண்ணுக்குப் போயிடும். சொல்லலைன்னா, எனக்குன்னு வாங்கினது அவகிட்ட இருக்கறதை ஆறு மாசம் பார்த்துட்டே சிரிச்சிட்டிருக்கணும். என்னையும் சேர்த்துக் கட்டிப் போட்டுட்டே."

"மன்னிச்சிடு."

"அந்தப் படம் நல்லா இருந்துச்சா? என்னுதுன்னு நினைச்சதை விடு. படம் நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு." ஊசி கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பவே நல்லா இருந்துச்சு. உன் கண்காட்சியில நின்னப்பவே எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் அப்படி எழுதினே?"

"நீ என் தங்கச்சிங்கறதால."

சாலையில் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்கள்.

"என் பழைய படம் நல்லா இருந்துச்சு, மோசம்னு எழுதினே. அதை நம்பி நான் அதையெல்லாம் விட்டேன்" என்றாள் தங்கை, கணக்கு வாத்தியார் மாதிரி நிதானமாக. "என் பென்சில் படத்துக்கு நீ எழுதினதுதான் நிஜம், ஏன்னா அப்ப உனக்கு நான் யாரோ. துணிச்சல் இல்லை. அப்படித்தானே?"

இல்லை, நான் இன்னொரு தடவை பார்க்கிறேன், சரியாகப் பார்க்கவில்லை, அசலைக் கொண்டு வா என்றெல்லாம் சொல்ல ஊசிக்கு வாய் திறந்தது. அந்தப் பென்சில் புள்ளிகள் உண்மையிலேயே அவள் கண் முன்னால் வந்தன, அவற்றில் ஏதோ இருந்தது போலவும் தோன்றியது. ஆனால் இப்போது அது தங்கையினுடையது என்று தெரிந்துவிட்டதே. தோன்றுவது படத்தினாலா தங்கையினாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"சொல்லேன். நீ என்ன நினைக்கிறே?" என்றாள் தங்கை.

"நல்லா..." என்று ஆரம்பித்தாள் ஊசி.

"வேண்டாம், விடு. இனிமே நீ நல்லா இருக்குன்னு சொன்னாலும் நல்லா இல்லைன்னு சொன்னாலும், அதை நான் என்னன்னு எடுத்துக்கறது அக்கா?"